லூசியானாவின் குருமாரும் மட்டக்களப்பின் மைதானங்களும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் 1924இல் திறக்கப்பட்ட டைகர் ஸ்டேடியத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். நகரின் மக்கள்தொகையே ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம்தான். பல்கலைக்கழக அணி ஆடும் சனிக்கிழமைகளில் அந்த இருக்கைகள் நிரம்பி வழிகின்றன. தேவாலயம், குடும்பம், அமெரிக்கக் கால்பந்து ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்த ஊர்களின் வாரக் கடைசி.

அந்த லூசியானாவிலிருந்தும் அதைச் சூழ்ந்த தென்மாநிலங்களிலிருந்தும் கத்தோலிக்கக் குருமார் மட்டக்களப்புக்கு வந்தார்கள். கிழக்கிலங்கையில் பிரெஞ்சு இயேசு சபையினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்ற பணி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தின் பொறுப்புக்கு மாறியது. அம்மாகாணத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் கிளெனி 1947 முதல் 1974 வரை கிழக்கின் ஆயராக இருந்தார். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் 1873இல் தொடங்கப்பட்ட புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்கக் குருமார் பாடம் நடத்தினார்கள். பின்னேரங்களில் மாணவரோடு மைதானத்தில் இறங்கினார்கள். நகரின் முக்கியமான விளையாட்டரங்கு இன்றும் அவர்களில் ஒருவரான அருட்தந்தை ஹரோல்ட் வெபரின் பெயரால் வெபர் மைதானம் என்றே வழங்குகிறது.

ஒரு விளையாட்டு புது மண்ணில் வேர்விட இதைவிட வசதியான சூழல் அமைவது அரிது. ஆடத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். பாடசாலையும் மைதானமும் ஆர்வமுள்ள மாணவரும் இருந்தார்கள். பல பத்தாண்டு காலமும் கிடைத்தது. ஆனாலும் மட்டக்களப்பு வாவிக்கரையில் அமெரிக்கக் கால்பந்து வேர்விடவில்லை. இங்கே உதைபந்தாட்டம் ஊர்தோறும் ஆடப்படுகிறது. கூடைப்பந்தாட்டத்துக்கு நகரப் பாடசாலைகளில் தனி மரபே உண்டு. றக்பியை இலங்கை முழுவதும் அறிந்திருந்தும், கிழக்குக் கரையில் அது பெரும்பாலும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் காணும் ஆட்டமாகவே இருக்கிறது.

உதைபந்தாட்டமா, றக்பியா, அமெரிக்கக் கால்பந்தா என்று உலகெங்கும் ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போது, எது வீரமானது, எது அறிவானது, எது சலிப்பூட்டுவது என்றுதான் பேச்சு போகிறது. ரசிகர் எங்கிருந்து உருவாகிறார் என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை. அதற்கான விடைக்கு மட்டக்களப்பு நல்ல சான்று.

ஒரே வேர், மூன்று கிளைகள்

இந்த மூன்று ஆட்டங்களுக்கும் மூலம் இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய பந்துச் சண்டை. டார்பிஷயரின் ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. ஆண்டுதோறும் தவக்காலம் தொடங்கும் நாளிலும் அதற்கு முதல் நாளிலும் ஊர் இரண்டு பட்டு நிற்கும். ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் மேற்கட்சி, தெற்கே பிறந்தவர்கள் கீழ்க்கட்சி. இரண்டு இலக்குகளுக்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரம். நூற்றுக்கணக்கானோர் ஒரே பந்தைச் சூழ்ந்து நெருக்கித் தள்ளுவார்கள். யார் எந்தக் கட்சி என்பதைப் பிறந்த இடமே தீர்மானிக்கும்.

மட்டக்களப்பாருக்கு இது புதிய கதை அல்ல. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு வைரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்ற கட்சி தோற்ற கட்சியைப் பாட்டாலேயே எள்ளும். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்துக்கு எடுக்கப்படும் அங்கெலியவும் இதே அமைப்புடையதுதான். அங்கும் உடுபில, யடிபில என இரண்டு கட்சிகள். ஐரோப்பியர் பந்தோடு வந்திறங்குவதற்கு முன்பே இந்த மண்ணில் கட்சி கட்டி ஆர்ப்பரிக்கும் ரசிகர் இருந்தார் என்பதற்குக் கொம்புமுறி சாட்சி. ஆகவே அமெரிக்கக் கால்பந்து இங்கே தங்காததற்கு மக்களின் ஆர்வக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் கிராமத்துப் பந்து 19ஆம் நூற்றாண்டில் பாடசாலைகளுக்குள் நுழைந்து விதிகள் பெற்றது. 1863இல் லண்டனில் கூடிய கழகங்கள் கால்பந்துச் சங்கத்தை அமைத்தன. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழ் உதைக்கலாமா என்ற கேள்விகளில் தகராறு மூண்டது. இரண்டையும் தடுத்தவர்கள் உதைபந்தாட்டத்தைக் கொண்டுபோனார்கள். பிரிந்தவர்கள் பக்கத்திலிருந்து 1871இல் றக்பி ஒன்றியம் பிறந்தது.

அமெரிக்கக் கிளை இன்னும் கொஞ்சம் சுற்றி வந்தது. 1869இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் ஆடிய முதல் ஆட்டம் உதைபந்தாட்டத்துக்கே நெருக்கமாக இருந்தது. 1874 மே மாதம் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்கு வந்தார்கள். முதல் நாள் ஹார்வர்டின் விதிப்படியும் மறுநாள் றக்பி விதிப்படியும் ஆடினார்கள். ஹார்வர்ட் மாணவருக்கு விருந்தாளிகளின் ஆட்டமே பிடித்துப்போனது. 1880இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப் அதை உடைத்துத் திருத்தினார். றக்பியில் இரு அணியும் முட்டி மோதிப் பந்தைப் பிடுங்கும் இடத்தில், பந்து ஒரு அணியின் உரிமையாக நின்று தொடங்கும் கோடு வந்தது. அணிக்கு 11 பேர் என்றானது. 1882இல், மூன்று முயற்சிக்குள் 5 யார் முன்னேறாவிட்டால் பந்தை விட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. பிறகு அதுவே நான்கு முயற்சி, 10 யார் என்று மாறியது.

அந்தக் கோடுதான் இன்றைய அமெரிக்க ரசிகரை உருவாக்கியது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஆட்டம் நிற்கிறது. நின்ற நேரத்தில் பயிற்சியாளர் திட்டம் போடுகிறார். அரங்கில் இருப்பவர் அந்தத் திட்டத்தை ஊகிக்கிறார். பந்து நகர்வதற்கு முன்பே ரசிகரின் ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

கேம்பின் ஆட்டம் பயங்கரமாகவும் இருந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் உயிரிழந்தனர். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்செய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் கொடுத்தது. நெரிசலில் முட்டிக்கொண்டிருந்த ஆட்டம் மைதானத்தின் அகலமெல்லாம் விரிந்தது. ஸ்டான்போர்ட் போன்ற கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களோ அமெரிக்கக் கால்பந்தை விட்டுச் சில ஆண்டுகள் றக்பி ஆடின. அதன் பயனாக 1920, 1924 ஒலிம்பிக்குகளில் றக்பித் தங்கத்தை வென்றது அமெரிக்கா. 1924இல் பாரிஸ் அருகே கொலொம்ப் அரங்கில் பிரான்ஸ் 17–3 என்று தோற்றபோது உள்ளூர்க் கூட்டம் அமெரிக்கரின் தேசிய கீதத்தையே கூச்சலிட்டு அமுக்கியது. றக்பி ரசிகர் எப்போதும் கண்ணியமானவர், உதைபந்தாட்ட ரசிகர்தான் கலவரக்காரர் என்ற வாதத்தை அந்த ஒரு பிற்பகலே பொய்யாக்குகிறது.

ரசிகர்களின் வழக்கு

உதைபந்தாட்ட ரசிகர் அமெரிக்கக் கால்பந்தின் மேல் வைக்கும் முதல் குற்றச்சாட்டு, அது நின்று நின்று நடக்கிறது என்பது. உண்மைதான். அமெரிக்க தேசியக் கால்பந்து லீக்கின் ஒளிபரப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. அதில் பந்து உண்மையில் அசையும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடம் என்று 2010இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் கணக்கிட்டுக் காட்டியது. உதைபந்தாட்டத்தின் 90 நிமிடத்தில் பந்து சுமார் 55 நிமிடம் ஓடுகிறது. 80 நிமிட றக்பியில் அது 35 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது.

ஆனால் மட்டக்களப்பில் வளர்ந்தவருக்கு நின்று நின்று நடக்கும் கலை அந்நியமானது அல்ல. வடமோடிக் கூத்து விடிய விடிய நடக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவு, தனித் தாளக்கட்டு. வரவுக்கும் வரவுக்கும் இடையே களரியைச் சுற்றியிருப்போர் தேநீர் குடிக்கிறார்கள், அடுத்து வருபவர் எப்படி ஆடுவார் என்று பேசிக்கொள்கிறார்கள், மத்தளம் மாறியதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அமெரிக்க ரசிகர் அந்த மூன்று மணி நேரத்தைக் கழிக்கும் விதம் இதற்கு மிக நெருக்கம். இடைவெளி அவருக்கு வெறுமை அல்ல, பேச்சுக்கும் ஊகத்துக்கும் உரிய நேரம்.

அமெரிக்க ரசிகரின் எதிர்க்குற்றச்சாட்டு, உதைபந்தாட்டத்தில் ஒன்றுமே நடப்பதில்லை என்பது. 2022 உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள் விழுந்தன. ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல்கூட இல்லை. ஆனால் உதைபந்தாட்ட ரசிகரின் பதற்றம் பிறப்பதே அந்த அருமையில்தான். ஒரு கோல் போதும், ஆட்டம் தலைகீழாகிவிடும். சிறிய அணி பெரிய அணியைச் சாய்க்கும் வாய்ப்பு இங்கே அதிகமாக இருப்பதற்கும் அதுவே காரணம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியில் இலங்கை இந்தியாவை ஒரே ஒரு கோலால் வென்றது. பெரிய அண்டை நாட்டுக்கு எதிரான அந்த ஒற்றைக் கோல் இலங்கையின் உதைபந்தாட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது.

றக்பி ரசிகருக்கோ அமெரிக்கரின் தலைக்கவசமும் தோள்கவசமும் உறுத்துகின்றன. கவசம் போட்டு மோதுவதில் வீரம் குறைவு என்கிறார் அவர். மருத்துவம் வேறு கதை சொல்கிறது. நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு, முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை, தொடர்ந்து தலையில் விழும் அடியால் வரும் மூளைச் சிதைவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கவசம் மண்டையோட்டைக் காக்கிறது. உள்ளே குலுங்கும் மூளையை அதனால் காக்க முடியவில்லை. கவசம் இருக்கிறது என்ற நம்பிக்கை வீரரை இன்னும் வேகமாக மோதவும் தூண்டுகிறது. இன்று றக்பி வீரர்களும் இதே பாதிப்புக்காக நீதிமன்றம் போயிருக்கிறார்கள். இந்த வழக்கில் எந்த ரசிகரும் மற்றவரைக் கேலி செய்யும் நிலையில் இல்லை.

எண்களை வைத்துப் பார்த்தாலும் ஒற்றைத் தீர்ப்பு கிடைக்காது. அமெரிக்க லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போலை 2025இல் அமெரிக்காவில் சராசரியாக 12 கோடியே 77 இலட்சம் பேர் பார்த்தனர். 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை உலகெங்கும் 150 கோடிப் பேர் வரை பார்த்ததாக ஃபிஃபா சொல்கிறது. ஆனால் அரங்குக்கு நேரில் வருவோரின் சராசரியில் எந்த உதைபந்தாட்ட லீக்கும் அமெரிக்க லீக்கை எட்டவில்லை. ஓர் அணி தன் சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பது பருவ ஆட்டங்களே ஆடுவதால் ஒவ்வொன்றும் திருவிழாவாகிறது. உதைபந்தாட்டம் உலகத்தின் அகலத்தில் பெரியது. அமெரிக்கக் கால்பந்து ஒரு நாட்டுக்குள் ஆழத்தில் பெரியது. றக்பிக்கு ரசிகர்கள் தீவுகளாகச் சிதறி இருக்கிறார்கள். நியூசிலாந்து, வேல்ஸ், தென் பிரான்ஸ், பிஜி என்று அந்தத் தீவுகளை எண்ணும்போது கண்டியையும் சேர்க்கத்தான் வேண்டும்.

மலையில் றக்பி, மணலில் உதைபந்து

இலங்கையின் றக்பி தோட்டத்துரைமாரோடும் கழகங்களோடும் வந்தது. பாடசாலைகளுக்குள் அது நுழைந்தது 1891இல், கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில். அதன் நிறுவுநர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் மாணவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். பிறகு கண்டி திரித்துவக் கல்லூரி, கொழும்பு றோயல் கல்லூரி போன்றவை அதைத் தங்கள் மரபாக்கிக்கொண்டன. 1945 முதல் இவ்விரு கல்லூரிகளும் பிராட்பி கேடயத்துக்காக ஆடுகின்றன. ஓர் ஆட்டம் கொழும்பில், மற்றது கண்டியில். அரங்கை நிறைப்பவர்களில் பெரும்பகுதி பழைய மாணவர்கள். தாங்களே ஆடிய ஆட்டத்தை, தாங்களே அணிந்த நிறத்துக்காக, தங்கள் பிள்ளைகளோடு வந்து பார்க்கிறார்கள். இலங்கையில் றக்பி ரசிகரைப் பெருமளவில் உண்டாக்கியது பாடசாலையே.

மட்டக்களப்பில் அந்தச் சங்கிலி தொடங்கவே இல்லை. இங்கே தேயிலை இல்லை. ஆகவே துரைமார் கழகமும் இல்லை. நெல்லும் தென்னையும் மீனும் வாழ்வாதாரமான கரையில் வெள்ளைக்காரர் என்று இருந்தோர் சில அதிகாரிகளும் மிஷனரிகளுமே. 1814இல் வில்லியம் ஓல்ட் தொடக்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல், இராமகிருஷ்ண மிஷன் வழிவந்த கல்லடி சிவானந்தா என நகரின் பெரிய பாடசாலைகளை இணைத்த போட்டிகள் முதன்மையாகக் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் தடகளமும்தான். எதிரணி இல்லாத இடத்தில் ஓர் அணி மட்டும் றக்பி ஆட முடியாது.

நிலமும் ஒரு காரணம். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை பெரும்பாலும் மணல். மேற்கே படுவான்கரை வயல் நிலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல்வெளி வெடித்து இறுகும். மார்கழி மழையில் அதுவே சேறாகும். உடம்போடு உடம்பு மோதி விழும் ஆட்டத்துக்குப் பசும்புல் வேண்டும். ஆண்டு முழுவதும் அதைப் பேணப் பணமும் தண்ணீரும் வேண்டும். உதைபந்துக்கு அந்த வரம்பு இல்லை. வெறுங்காலோடு கடற்கரை மணலிலும், அறுவடை முடிந்த வயலிலும், கோயில் வெளியிலும் அது நடக்கும். இரண்டு தடி நட்டால் கோல் கம்பம்.

ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம் என்பது எழுவான்கரையில் வழக்கம். இளைஞர் சேர்ந்து பெயர் வைத்துப் பிரதேச செயலகத்தில் பதிவார்கள். மறைந்த ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குச் சுற்றுப்போட்டி வைப்பார்கள். தமிழ் ஊரின் கழகமும் முஸ்லிம் ஊரின் கழகமும் மாவட்ட உதைபந்தாட்டச் சங்கத்தின் போட்டிகளில் எதிரெதிரே நிற்கும். மைதான ஓரத்தில் நிற்பவருக்கு ஆடுபவர் அண்ணன், மச்சான், கூடப் படித்தவன். அவருடைய ரசனைக்கு விளக்கவுரை தேவையில்லை; எந்த இடத்தில் கால் வழுக்கும், எந்த உதை காற்றில் திரும்பும் என்பது அவருடைய உடம்புக்கே தெரியும்.

அப்படி உருவானவர் உலகக் கிண்ணம் வரும்போது இரவு விழித்துப் பிரேசிலுக்கோ ஆர்ஜென்டினாவுக்கோ கட்சி கட்டுகிறார். 1952இல் ஃபிஃபாவில் சேர்ந்த இலங்கை ஒருமுறைகூட உலகக் கிண்ண இறுதிச் சுற்றை எட்டியதில்லை. தன் நாடு ஆடாத போட்டியில் வேறொரு நாட்டைத் தன் கட்சியாக்கிக்கொள்ள அவருக்குத் தடையேதும் இல்லை, ஏனென்றால் ஆட்டம் ஏற்கெனவே அவருடையது.

கடிகாரமும் இதற்குத் துணை நிற்கிறது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கின் சனிக்கிழமை ஆட்டங்கள் மட்டக்களப்பில் இரவு 7.30க்கோ 8.30க்கோ தொடங்குகின்றன. வேலை முடித்தவர் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்தின் ஞாயிறு ஆட்டங்கள் இங்கே நள்ளிரவை நெருங்கித் தொடங்குகின்றன. சூப்பர் போல் தொடங்கும்போது மட்டக்களப்பில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி. கடலுக்குப் போன வள்ளங்கள் கரை திரும்புகிற, பிள்ளைகளைப் பாடசாலைக்கு எழுப்புகிற நேரம் அது.

குருமார் தந்த பந்து

இங்கேதான் லூசியானாக் குருமாரின் கதை முக்கியமாகிறது. அவர்கள் அமெரிக்கக் கால்பந்தைக் கொண்டுவரவில்லை, ஆனால் அமெரிக்க விளையாட்டை மட்டக்களப்பில் வேரூன்றச் செய்தார்கள். அவர்கள் கையில் இருந்தது கூடைப்பந்து.

கூடைப்பந்தாட்டம் பிறந்த கதையே அமெரிக்கக் கால்பந்தோடு பின்னிக் கிடக்கிறது. 1891இல் மசசூசெற்ஸின் ஸ்பிரிங்பீல்டில், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். அவர் ஹார்வர்டுக்கு றக்பி கற்றுக்கொடுத்த அதே மக்கில் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்; றக்பியும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடியவர். பந்தை ஏந்தி ஓடுவதால்தான் ஓடுபவரை மற்றவர்கள் மறித்து விழுத்துகிறார்கள் என்று அவர் சிந்தித்தார். ஆகவே ஏந்தி ஓடுவதை விலக்கினார். இலக்கைத் தலைக்கு மேல் 10 அடி உயரத்தில் வைத்தார்; அதனால் மோதலின் பலத்தைவிட எறியும் திறன் முன்னுக்கு வந்தது. றக்பியின் கரடுமுரடை நன்கறிந்த ஒருவர் அதைக் கழித்துச் செய்த ஆட்டம் இது.

மட்டக்களப்பின் நிலைமைக்கு அது பொருந்தியது. அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு நேரத்தில் அணிக்கு 11 பேர் போதும் என்றாலும், தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனி வீரர், மாற்று வீரர் என்று தொழில்முறை அணியில் 53 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம், தோள்கவசம் வேண்டும். கூடைப்பந்துக்கு ஐந்து பேர், ஒரு பந்து, 28 மீற்றர் நீளச் சீமெந்துத் தளம், இரண்டு வளையம் போதும். சீமெந்துத் தளம் மழை விட்டதும் காய்ந்துவிடும். அந்தக் குருமாருக்கும் இது புதிய தேர்வு அல்ல. நியூ ஓர்லியன்ஸில் இயேசு சபை நடத்தும் லொயோலா பல்கலைக்கழகமே 1939 பருவத்தோடு அமெரிக்கக் கால்பந்தை நிறுத்தியது. 1945இல் கூடைப்பந்தில் தேசிய அளவிலான கல்லூரிப் பட்டத்தை வென்றது.

இந்த மரபின் பெரும் பெயர் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபர்ட். லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1940களின் இறுதியில் இலங்கைக்கு வந்து திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் மாணவர்களைக் கூடைப்பந்தில் பயிற்றுவித்தார். கொழும்பின் வசதிமிக்க பாடசாலைகளை எதிர்த்து நின்று வெல்லும் அணிகளைக் கிழக்கில் உருவாக்கினார். தொழில்நுட்பக் கல்வியிலும் உழைத்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, போரின் மிகக் கொடிய வாரங்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரோடு அவர் காணாமற்போனார். இருவரும் திரும்பவில்லை. 35 ஆண்டுகளுக்கும் மேலாகியும் நீதி கிடைக்காத அந்த இழப்பு, மட்டக்களப்பின் விளையாட்டு வரலாற்றிலும் ஆறாத காயம்.

அமெரிக்கக் கால்பந்து வேர்விடாததைப் பொறுத்தவரை யாழ்ப்பாணமும் இதே முடிவைத் தருகிறது. அமெரிக்க மிஷன் 1816 முதல் அங்கே வேலை செய்தது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அமெரிக்க அதிபர்கள் நடத்தினார்கள். அங்கும் மாணவர் முதன்மையாக ஆடியது கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும்தான். சுற்றியுள்ள பாடசாலைகள் எதை ஆடினவோ அதையே ஆட வேண்டியிருந்தது. ஆசிரியரின் பிறந்த நாடு இதில் எடுபடவில்லை. போட்டி அட்டவணை எடுபட்டது.

மேலிருந்து இறக்கிய முயற்சி

அமெரிக்கக் கால்பந்து தெற்காசியாவுக்கு ஒருமுறை பெரும் ஆரவாரத்தோடு வந்ததுண்டு. 2011இல் இந்திய எலைட் கால்பந்து லீக் அறிவிக்கப்பட்டது. கேர்ட் வோர்னர், மைக் டிட்கா போன்ற அமெரிக்கப் பிரபலங்கள் அதில் முதலிட்டனர். புனே, டெல்லி முதலான இந்திய நகரங்களோடு கொழும்பு லயன்ஸ் என்ற இலங்கை அணியும் இருந்தது. றக்பி உள்ளிட்ட பிற விளையாட்டுகளிலிருந்து வீரர்களை எடுத்துப் பயிற்றுவித்தார்கள். முதற்பருவத்தில் புனே அணி வாகை சூடியது. அதற்குப் பிறகு லீக் தொடர்ந்து நிற்கவில்லை.

அங்கே பணமும் தொலைக்காட்சியும் இருந்தன. தம்பி ஆடுகிறான் என்பதால் மைதானத்துக்கு வரும் அண்ணன் இல்லை. பழைய மாணவர் இல்லை. பந்தைக் கையில் பிடித்துப் பார்த்த சிறுவர் இல்லை. றக்பிக்குக் கண்டியில் அமைந்ததும், கூடைப்பந்துக்குப் புளியந்தீவில் அமைந்ததும், உதைபந்துக்கு எழுவான்கரை முழுவதும் அமைந்ததும் அந்த லீக்குக்கு எங்கும் அமையவில்லை.

அதே ஆட்டத்தின் வேறொரு வடிவம் இப்போது மற்றொரு வாசல் வழியாக வருகிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் கால்பந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. அணிக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும் ஆடலாம். எதிராளியை விழுத்துவது கிடையாது. இடுப்புப் பட்டியில் தொங்கும் துணியை உருவினால் ஆட்டம் நிற்கும். தலைக்கவசமோ தோள்கவசமோ வேண்டாம், மணலிலும் ஆடலாம். நெய்ஸ்மித் 1891இல் செய்ததைப் போலவே இங்கும் மோதலைக் கழித்து ஆட்டத்தை எளிதாக்கியிருக்கிறார்கள். செலவும் நிலமும் தடையாக இருந்த மட்டக்களப்புப் பாடசாலைகளுக்கு இந்த வடிவம் எட்டக்கூடியது. ஆனால் ஒரு பாடசாலை மட்டும் தொடங்கினால் போதாது. அயலில் நான்கைந்து பாடசாலைகள் சேர்ந்து தொடங்கி, கல்வித் திணைக்களத்தின் விளையாட்டு அட்டவணையிலும் அதற்கு இடம் கிடைத்தால்தான் அது நிற்கும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று உண்டு. 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் குருமாரிடம் கூடைப்பந்து பழகியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள்; பலர் புலம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கிறார்கள். வெபர் மைதானம் எப்படி உருவானது, எந்த ஆண்டு யார் எந்த அணியை வென்றார்கள், கொழும்புக்குப் பயணம் போன அணி இரவு எங்கே தங்கியது என்பதெல்லாம் அவர்கள் நினைவிலும் கல்லூரி மலர்களின் பழைய பிரதிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. போரும் 2004 ஆழிப்பேரலையும் இந்தக் கரையின் வீடுகளோடு ஆவணங்களையும் கொண்டுபோயின. எஞ்சியிருக்கும் சாட்சிகளைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் பழைய மாணவர் சங்கங்களும் மாவட்ட விளையாட்டுச் சங்கங்களும் சேர்ந்து இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். கொம்புமுறியின் கட்சிப் பாட்டிலிருந்து கூடைப்பந்துத் தளம் வரை நீளும் அந்த வரலாறு தொகுக்கப்படக் காத்திருக்கிறது.